மூச்சு வாங்கும் எஞ்சின்

என் மகள் ஐந்து வயது வரை என்னிடம் தமிழில் பேசியதில்லை. புரியும். நான் தமிழில் கேட்பேன், அவள் வங்காளத்தில் பதில் சொல்வாள். துறைமுக அலுவலகத்துக்கு எனக்கு மாற்றலாகி நாங்கள் கொல்கத்தா வந்தபோது அவள் கைக்குழந்தை. டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில், லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி கிடைத்தது. அவள் பேசப் பழகியது அந்தப் படிக்கட்டிலும் கீழே முற்றத்திலும்தான். அங்கே தமிழுக்கு வேலையில்லை. திருச்சியிலிருந்து யார் போன் செய்தாலும் சிரித்துவிட்டு ஓடிவிடுவாள்.

"ஊருக்குப் போனா பிள்ளை ஊமை மாதிரி நிக்குதுங்க. நீங்களாவது ஏதாவது பண்ணுங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல்பார்க் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்தப் படப்புத்தகம் அகப்பட்டது. பேசும் நீராவி எஞ்சின்களின் கதை. உலகத்தில் பாதிக் குழந்தைகள் படித்து வளர்ந்த புத்தகம். நான் படித்த பள்ளியில் ஒரு பிரதி இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். வெளியே எடுக்க விடமாட்டார்கள். அட்டையில் இருந்த எஞ்சினின் வட்ட முகத்தை மட்டும் எத்தனையோ நாள் நின்று பார்த்திருக்கிறேன். நாற்பது வயதில் அதை முதல் முறையாகத் திறந்தேன்.

ஆங்கிலப் புத்தகம். நான் படம் காட்டித் தமிழில் கதை சொன்னேன். முதல் நாள் எடுபடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் ஒன்று சியால்தா பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைக் காட்டி வங்காளத்தில், "ரயில் பேசாது" என்றாள்.

"அது பேசாது. இது புகை விடுற ரயில். வாய் இருக்கு பாரு, பேசும்."

"எங்கே, பேசச் சொல்லு" என்றாள், அதையும் வங்காளத்தில்.

அப்போதுதான் குரல்கள் கொடுக்க ஆரம்பித்தேன். தன் வேகத்தைப் பற்றியே பெருமையடிக்கும் மெயில் எஞ்சினுக்கு எங்கள் அலுவலக மேலதிகாரியின் குரல். பேசுமுன் மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். நிலையத்துக்குள்ளேயே பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஊர்வம்பு பேசும் சின்ன எஞ்சினுக்கு, டாக்குரியா சந்தையில் எங்களுக்கு மீன் வெட்டித் தருகிறவரின் குரல். "ஷுனுன் தாதா", கேளுங்கண்ணே, என்று ஆரம்பிக்காமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மலைமேல் இருக்கும் ஊருக்குக் கம்பளிகளும் பாடப்புத்தகங்களும் கொண்டுபோகும் கிழட்டுச் சரக்கு எஞ்சின் வந்தது. ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று நின்று மூச்சு வாங்கும்.

அதற்கு மாஷிமாவின் மூச்சைக் கொடுத்தேன்.

மாஷிமா என்றால் அம்மாவுடன் பிறந்தவள் என்று பொருள். வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மாஷிமா நான்காம் மாடியில் தனியாக இருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. என் மனைவிக்கு பாலிகஞ்சில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து, குழந்தையை யாரிடம் விடுவது என்று நாங்கள் தவித்தபோது, அவரே கீழே இறங்கி வந்து, "காப்பகம் எதுக்கு? நான் மேல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு நான்கு மாடி இறங்கித் தெருமுனையில் பள்ளி வேனுக்காகக் காத்திருந்து, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடி ஏறுவார். பாலும் பொரியும் கொடுப்பார். ஆறு மணிக்கு என் மனைவி வரும்வரை பார்த்துக்கொள்வார்.

அது போக, காலையில் குழந்தை பள்ளிக்குப் போன பிறகு சந்தைக்கு ஒரு தரம் போய்வருவார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நிற்பார். எங்கள் தளத்தில் எங்கள் கிரில் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நிற்பார். அந்த மூச்சில் ஒரு விசில் இருந்தது. உள்ளே போகும்போது மெல்லியதாக, வெளியே வரும்போது கரகரப்பாக. கடைசியில் "ஓ மா கோ" என்பார். அம்மாடி என்று நாம் சொல்வதுபோல. பிறகு மிச்சமிருக்கும் படிகள்.

அதை நான் நன்றாகவே செய்தேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் செய்தேன். விசில், கரகரப்பு, முழங்காலில் கை, ஓ மா கோ, எல்லாம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "வேணாங்க, காதுல விழுந்து வைக்கப்போகுது" என்றாள். நான் அடுத்த நாளும் செய்தேன். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மகள் வந்துவிடுவாள். ஒரு நாள் என் சட்டையை இழுத்து, "அப்பா, கெழட்டு எஞ்சின் மூச்சு வாங்கு" என்றாள். அவள் என்னிடம் சொன்ன முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. நான் அன்றே திருச்சிக்குப் போன் செய்து எல்லோரிடமும் சொன்னேன். என்ன வாக்கியம் என்று கேட்டவர்களிடம் அதையும் சொல்லி, குரலும் செய்து காட்டினேன்.

இங்கே சரஸ்வதி பூஜை தை, மாசியில் வரும். அந்த வருடம் அது எங்கள் கட்டட முற்றத்தில் நடந்தது. குழந்தைகள் எல்லாம் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள். காலையில் பூஜை முடிந்து கிச்சடி சாப்பிட்டு, சாயங்காலம் நான்கு மணிக்குக் குழந்தைகளின் நிகழ்ச்சி. இரண்டு மரக்கட்டில்களைச் சேர்த்துப் போட்டு மேடை. ஒரு பையன் கவிதை சொன்னான், இரண்டு பெண்கள் ஆடினார்கள். பூஜைக் கமிட்டிச் செயலாளர் மைக்கில் என் மகளைக் கூப்பிட்டார். பாட்டுப் பாடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். எங்களிடம் சொல்லவே இல்லை. எங்களை அசத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

எஞ்சின் கதையை வங்காளத்தில் சொன்னாள். நான் போனில் படம் பிடித்தேன். மெயில் எஞ்சின் செருமியபோது சிரித்தார்கள். சின்ன எஞ்சின் "ஷுனுன் தாதா" என்றதும் முற்றமே வெடித்தது. அந்த மீன்காரரிடம் வாங்காத வீடு அங்கே இல்லை. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஷிமா மஞ்சள் கரைப் புடவையின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என் பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் அவளைத் தூக்கியிருக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். போனைப் பிடித்தபடி நின்றேன்.

மகள் ஒரு கையால் காற்றில் கிரில்லைப் பிடித்தாள். மறு கையை முழங்காலில் வைத்தாள். விசில் வந்தது. கரகரப்பு வந்தது. பின்னால் நின்ற இளைஞர்கள் ஒரு நொடி பலமாகச் சிரித்தார்கள். பிறகு பின்னாலிருந்து முன்னால் வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. "ஓ மா கோ" என்று அவள் சொன்னபோது முற்றத்தில் யாருமே சிரிக்கவில்லை. மாஷிமாவின் முகத்தில் மட்டும் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி, "இதையெல்லாம் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எனக்கே தெரியல. எங்கேயிருந்து கத்துக்கிட்டாளோ."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் மேடைக்குப் போய் அவள் கையைப் பிடித்து இறக்கி, எல்லோருக்கும் புரியட்டும் என்று வங்காளத்திலேயே சத்தம் போட்டேன். "பெரியவங்களை இப்படியா கிண்டல் பண்றது? யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு? மாஷிமாகிட்ட மன்னிப்புக் கேளு!"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. நான் விளையாடுகிறேனா என்று சரிபார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்தாள். பிறகு மாஷிமாவிடம் போய், "சாரி மாஷிமா" என்றாள். மாஷிமா அவள் தலையைத் தடவி, "ஒண்ணுமில்லடி கண்ணு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நிகழ்ச்சி தொடர்ந்தது. யாரோ ஆர்மோனியம் வாசித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "குழந்தை மேல போட்டுட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளும் சிரித்தவள்தானே என்று நான் மனதுக்குள் வாதாடினேன்.

மறுநாள் சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மேலே போனேன். படியேறும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் உத்தேசம். மாஷிமா கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு வாங்கிட்டு வந்தே?" என்றார். "நேத்து நடந்தது..." என்று நான் இழுத்தேன். "குழந்தைங்கதானே, பாக்கிறதைச் செய்யும். நீ அதைப் பெரிசா எடுத்துக்காதே" என்றார். தப்பிக்க அவரே ஒரு வழியைத் திறந்து வைத்தார். நான் அதில் நுழைந்துவிட்டேன். "ஆமா மாஷிமா, விவரம் புரியாத வயசு" என்றேன். கீழே இறங்கும்போது நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் மற்ற எதையும்விட அந்த நிம்மதிதான் உடம்பைக் கூசவைக்கிறது.

அவர் மறுநாளும் மூன்று மணிக்கு இறங்கிப்போய் என் மகளை வேனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஒரு நாளும் தவறவில்லை. மாறியது படிக்கட்டில்தான். எங்கள் வாசலில் அவருடைய மூச்சு கேட்பது நின்றுபோனது. மாத்திரை ஏதாவது மாற்றியிருப்பார், குளிர் குறைந்துவிட்டது, என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். மூன்றேகால் மணி இருக்கும். காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தவன் படிக்கட்டின் இடைவெளி வழியாகத் தற்செயலாகக் கீழே பார்த்தேன். இரண்டாம் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில் மாஷிமா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தோள்கள் ஏறி இறங்கின. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். என் மகள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நின்றாள். வெகுநேரம் நின்றார்கள். சத்தம் முழுக்க அடங்கிய பிறகு மாஷிமா தலையசைத்தார். இரண்டு பேரும் ஏற ஆரம்பித்தார்கள். நான் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், திருடனைப்போல. மாஷிமா உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, யாரோ தூங்கும் வீட்டைக் கடப்பதுபோல எங்கள் வாசலைக் கடந்தார். என் மகள் தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, நுனிக்காலில் அவர் பின்னால் போனாள். மேல் படிகளில் ஏறிய பிறகுதான் அந்த விசில் கேட்டது. அப்போதும் வாயைத் துணியால் பொத்திக்கொண்டதுபோல மங்கலாகத்தான் கேட்டது.

அன்று சாயங்காலம் புத்தகத்தைத் தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது.

"யாரும்மா இங்க வச்சது?"

"நான்தான்" என்றாள் மகள். "எனக்கு அது பிடிக்கல." தமிழில்தான் சொன்னாள்.

பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான் அலுவலகம் போனேன், வந்தேன். ஒரு நாள் மனைவிக்கு அலுவலகத்தில் கூட்டம். "நீங்க சீக்கிரம் வந்து குழந்தையைக் கூட்டிக்கோங்க" என்று போன் செய்தாள். ஐந்தரைக்கு மேலே போனேன். மாஷிமா கதவைத் திறந்து, குழந்தையின் பையை எடுத்துக் கொடுத்தார். முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. நானும் மகளும் இறங்கினோம். பாதிப் படியில் அவள் நின்றாள். மேலே கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"அப்பா, பயப்படாதே. நான் மாஷிமாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"நானாத்தான் செஞ்சேன், அப்பா எனக்கு ஒண்ணுமே ஷிகாய்னின்னு." ஷிகாய்னி என்றால் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குத் தமிழில் வரவில்லை.

"எப்போ சொன்னே?"

"பூஜைக்கு மறுநாளே. அவங்க உன் மேல கோவமா இருந்தாங்கன்னா?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வயது நிரம்பாத குழந்தை அத்தனை வாரமாக எனக்காக ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், குரல்களைச் சொல்லிக் கொடுத்ததுபோலவே. என் பக்கத்தில் உட்கார்ந்து, "கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி மேலே போனேன். இந்தத் தடவை யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. மாஷிமா தரையில் செய்தித்தாளை விரித்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஐந்து வருடம் வங்காளம் பேசியவன் நான். அன்று ஒரு சொல்லும் ஒழுங்காக வரவில்லை.

"மாஷிமா, அது நான்தான். குழந்தை இல்ல. நான்தான் வீட்டுல தினம் செஞ்சு காட்டுவேன். உங்க மூச்சை. அவ என்கிட்டேருந்துதான் கத்துக்கிட்டா. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நான் பொய் சொன்னேன். அவளையும் திட்டினேன்."

மாஷிமா உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"ஓ மா கோன்னு நான் தனியா ஏறும்போதுதான் சொல்லுவேன். அதுவும் உங்க வாசல்ல நிக்கும்போது, வாய்விட்டு வந்துடும். குழந்தை கூட வரும்போது ஒரு நாளும் சொன்னதில்ல. பயந்துடுவாளேன்னு பல்லைக் கடிச்சுக்குவேன். அவ அதைக் கேட்டதே கிடையாது. அப்போ மேடையில அவ வாயில எப்படி வரும்?"

ஜன்னல் வழியே கீழே ரயில் ஒன்று போன சத்தம் அறை முழுக்க நிறைந்து, பிறகு ஓய்ந்தது.

"கிண்டல் பண்ணினதுகூடப் போகட்டும்" என்றார் மாஷிமா. "தொலைபேசி நிலையத்துல முப்பது வருஷம் என் முதுகுக்குப் பின்னால எல்லாரும் பண்ணினதுதான். ஆனா அந்தப் புள்ளை அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்துச்சே, அதை நான் பாத்துட்டு இருந்தேன்."

பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "வா, இதை உரி. உள்ள புழு இருக்கான்னு பாத்து உரிக்கணும்" என்று ஒரு கைப்பிடி பட்டாணியை அவள் மடியில் போட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம், தமிழில், மாஷிமாவுக்குப் புரியாவிட்டாலும் அவர் முன்னாலேயே சொன்னேன்: "அப்பா செஞ்சது தப்பு. நீ ஒண்ணும் தப்பு செய்யல. உன்னைத் திட்டினது அதைவிடப் பெரிய தப்பு." அவள் தலையாட்டிவிட்டுப் பட்டாணியில் புழு தேட ஆரம்பித்தாள். எனக்கு அங்கே மேற்கொண்டு செய்ய எதுவும் இருக்கவில்லை. "உட்காருங்க, டீ போடட்டுமா?" என்று மாஷிமா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த பூஜைக் கூட்டத்தில் செயலாளரிடமும் உண்மையைச் சொன்னேன், நாலு பேர் இருக்கும்போது. அவர் சங்கடப்பட்டு, "அதை யார் இப்போ ஞாபகம் வச்சிருக்கா?" என்று பேச்சை மாற்றினார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் சரளமாகப் பேசுகிறாள். அந்தப் புத்தகத்தை என்னோடு சேர்ந்து மறுபடி அவள் திறக்கவில்லை. பள்ளி விட்டதும் இன்றும் மாஷிமா வீட்டுக்குத்தான் போகிறாள். தானே வேனிலிருந்து இறங்கி, தானே ஏறிவிடுகிறாள். பூஜைக்கு மாஷிமா எங்கள் மூன்று பேருக்கும் துணி எடுத்துக் கொடுக்கிறார். பாயசம் செய்தால் கிண்ணம் கீழே வருகிறது. எல்லாம் முன்போலத்தான்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. மாஷிமா பட்டாணி உரித்த அன்றைக்கே, படியிறங்கும்போது அதை நான் கவனித்தேன். வங்காளத்தில் நெருங்கியவர்களுக்கு 'தூமி', மற்றவர்களுக்கு 'ஆப்னி'. நம் நீயும் நீங்களும்போல. வந்த நாளிலிருந்து என்னைத் தூமி என்று, வீட்டுப் பையனைக் கூப்பிடுவதுபோலத்தான் மாஷிமா கூப்பிட்டார். அன்றைக்கு ஆப்னி என்றார். உட்காருங்க என்றதும் அந்த ஆப்னிதான். மூன்று வருடமாக அது மாறவில்லை. என் மனைவியை நீ என்கிறார், மகளை நீ என்கிறார், என்னை நீங்கள் என்கிறார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எதைக் காட்டி, எப்படிப் போய், என்னைப் பழையபடி கூப்பிடுங்கள் என்று அவரிடம் கேட்பது?